யாருக்குக் கை தட்டுவது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ரக்பியைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தில் அழைத்தபோது, தமிழ் வானொலியில் அதை யார் கேட்கப் போகிறார்கள் என்றுதான் நான் கேட்டேன். நம்மவர்களுக்குக் காற்பந்துதான் உயிர். லிவர்பூல், மான்செஸ்டர் என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சி இருக்கும். ரக்பி என்றால், "அந்த முட்டைப் பந்தை வைத்துக்கொண்டு கட்டிப் புரளுவார்களே, அதுவா?" என்பார்கள். அதேதான். ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் 5 புள்ளி. இன்றைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

2023 உலகக் கிண்ண இறுதியாட்டம் பாரிசில் இரவு 9 மணிக்கு. மலேசியாவில் நமக்கு விடியற்காலை 3 மணி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் நாங்கள் வழக்கமாகக் கூடும் மாமாக் கடையில் அந்த நேரத்திலும் எங்கள் மேசை நிறைந்திருந்தது. நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். மிச்ச ஆட்டத்தை 14 பேரை வைத்துக்கொண்டு ஆடியும், 11-க்கு 12 என்று ஒரே புள்ளியில் தென்னாப்பிரிக்காவிடம் தோற்றார்கள். நியூசிலாந்துக் கட்சிக்காரர் ஒருவர் தன் தே ஆலியாவைத் தொடவே இல்லை, ஆறி ஆடை படிந்துவிட்டது. அப்புறம் பேச்சு மண்டேலாவுக்குப் போனது, அங்கிருந்து நம்மூர் அரசியலுக்கு வந்தது. "விளையாட்டுல எதுக்கப்பா அரசியல்?" என்று ஒருவர் சலித்துக்கொண்டார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் விடவில்லை. "அரசியல் இல்லைன்னா நீ ஏன் நியூசிலாந்துக்குக் கத்துற? அவன் என்ன உனக்கு மாமனா, மச்சானா?"

கேட்டாரே ஒரு கேள்வி! ஒருவன் எந்த அணிக்குக் கை தட்டுகிறான் என்பது, எந்த அணி அவனுக்கு இடம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதுதான் என் கட்சி. இதற்குத் தென்னாப்பிரிக்காவை விட நல்ல சாட்சி கிடையாது.

நிறவெறி ஆட்சிக் காலத்தில் அங்கே கறுப்பர்களும் திடலுக்கு வருவார்கள். வேலி போட்டுத் தனியாகப் பிரித்த மூலையில்தான் அவர்களுக்கு இடம். வெளிநாட்டு அணி வந்தால், அந்த மூலை முழுவதும் வெளிநாட்டு அணிக்குத்தான் கத்தும். ராபன் தீவுச் சிறையில் இருந்த கைதிகளும் அப்படித்தான், வந்த அணி எதுவோ அதன் பக்கம். சொந்த நாடு தோற்றால் கொண்டாட்டம். அதைத் துரோகம் என்பீர்களா? ஸ்பிரிங்போக் என்ற மான் சின்னம் பதித்த அந்த அணிச் சட்டையைப் போடவே முடியாது என்று ஆட்சி சொன்ன பிறகு, அது எப்படி அவர்களுடைய நாட்டு அணி ஆகும்?

எதிரணியான நியூசிலாந்தும் ஒன்றும் சுத்தம் இல்லை. 1960இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது, தங்கள் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி ஆட்டக்காரர்களை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளையர்கள் மனம் கோணக் கூடாதாம். 1970இல் மாவோரிகளைக் கூட்டிப் போனார்கள், 'கௌரவ வெள்ளையர்' என்ற தகுதியில்! அதே 1960இல்தான் நம் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் லண்டனில் நடந்த காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் நிறவெறியைக் கண்டித்துப் பேசினார். மலாயா தென்னாப்பிரிக்கப் பொருள்களையும் புறக்கணித்தது. சுதந்திரம் வாங்கி மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. இதை நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித் தருகிறோமா, தெரியவில்லை. 1976இல் நியூசிலாந்து மறுபடியும் அங்கே போய் ஆடியதால், ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கையே விட்டு வெளியேறின. ரக்பி அந்த ஒலிம்பிக்கில் இல்லவே இல்லை என்பது தனி வேடிக்கை.

1981இல் ஸ்பிரிங்போக் அணி நியூசிலாந்துக்கு வந்தது. நாடு இரண்டாகப் பிளந்தது. குடும்பங்களில் அண்ணன் ஆட்டம் பார்க்கப் போவார், தங்கை எதிர்ப்பு ஊர்வலத்தில் நிற்பாள். ஜூலை 25ஆம் தேதி ஹாமில்டனில் எதிர்ப்பாளர்கள் சில நூறு பேர் வேலியைப் பிய்த்துக்கொண்டு நடுத்திடலுக்கு வந்து கைகோத்து நின்றுவிட்டார்கள். அரங்கில் இருந்தவர்கள் போத்தலை வீசினார்கள், திட்டினார்கள். நின்றவர்கள் அசையவில்லை. ஆட்டம் ரத்து. நேரடி ஒளிபரப்பைப் பார்க்க விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்த தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள், ஆட்டத்துக்குப் பதிலாக இதைத்தான் பார்த்தார்கள்.

செப்டம்பர் 12, ஆக்லாந்தில் கடைசி ஆட்டம். ஒரு சின்ன செஸ்னா விமானம் திடலுக்கு மேலே தாழப் பறந்து மாவுப் பொட்டலங்களைப் போட்டுக்கொண்டே இருந்தது. நியூசிலாந்தின் கேரி நைட் மேல் ஒன்று விழுந்து ஆள் சுருண்டார். ஆட்டம் நிற்கவில்லை. கடைசி நிமிடத் தண்ட உதையில் 25-22 என்று நியூசிலாந்து வென்றது. அணித் தலைவர் கிரஹாம் மௌரி அந்தத் தொடரில் ஆட மாட்டேன் என்று முன்பே ஒதுங்கிக்கொண்டார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மாவு மூட்டை போட்டவரை விட எனக்கு அவர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். பிரதமர் மல்டூன் கதை வேறு. அணியை வர விட்ட அவர் நவம்பர் தேர்தலில் மயிரிழையில் தப்பி ஆட்சியைத் தக்கவைத்தார்.

1995 உங்களுக்குத் தெரிந்த கதை. ஜூன் 24, ஜோகன்னஸ்பர்க், எல்லிஸ் பார்க் திடலில் உலகக் கிண்ண இறுதியாட்டம். மண்டேலா பச்சை நிற ஸ்பிரிங்போக் சட்டை போட்டு வந்தார், முதுகில் தலைவர் பியனாரின் 6ஆம் எண். தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தைக் கூடுதல் நேரத்தில் 15-12 என்று வென்றது. எல்லாரும் அந்தப் படத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மான் சின்னத்தை ஒழிக்க வேண்டும் என்று மண்டேலாவின் சொந்தக் கட்சியிலேயே கோபம் இருந்தது. அவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. அன்றைய அணியில் வெள்ளையர் அல்லாத ஆட்டக்காரர் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவர் மட்டும். 2018இல்தான் முதல் கறுப்பினத் தலைவராக சியா கொலிசி வந்தார். ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். 2019இல் இங்கிலாந்தை 32-12 என்று வீழ்த்திக் கிண்ணத்தைத் தூக்கினார். அவர் எண்ணும் 6. எங்கள் மேசையில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆள் சேர்ந்தது அப்போதுதான்.

அயர்லாந்தில் வேறு கதை. அரசியலில் தெற்கு, வடக்கு என்று இரண்டு. ரக்பியில் ஒரே அணி. யாருடைய தேசிய கீதத்தைப் பாடுவது என்று தகராறு வந்ததால், 1995இல் அணிக்கென்றே பொதுவாக ஒரு பாட்டு எழுத வைத்தார்கள். 1972இல் கலவரத்துக்குப் பயந்து ஸ்காட்லாந்தும் வேல்ஸும் டப்ளினுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு இங்கிலாந்து வந்தது. அயர்லாந்துக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது, பிறகு அணி 18-9 என்று அடித்து அனுப்பியது. அதுவல்லவா விருந்தோம்பல்! 2007இல் குரோக் பார்க்கில் இங்கிலாந்தின் கீதம் ஒலித்தபோது ஊரே பதறியது. 1920இல் பிரிட்டிஷ் படை கூட்டத்தின் மீது சுட்டு 14 பேர் செத்த திடல் அது. கூட்டம் மரியாதையாக நின்றது. அப்புறம் அயர்லாந்து 43-13 என்று வென்றது.

இன்னொன்று, நடுவே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் கல்கத்தா கிண்ணம் நம் இந்திய வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்தது. கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்கார ரக்பிக் கழகம் கலைந்தபோது, மிச்சமிருந்த காசை எடுத்துச் செய்தார்கள். நாகப்பாம்புக் கைப்பிடி, மூடியில் யானை. எடின்பரோவில் யார் வென்றாலும் தூக்குவது நம்மூர் வெள்ளியை.

மலேசியாவுக்கு வருவோம். எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலப் பணத்தில் கட்டியது. ஈயமும் ரப்பரும் கொடுத்த பணம். பால்மரம் வெட்டியவர்கள் யார் என்று இந்த வானொலியில் நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கப்பல் 1921இல் இங்கே வந்தபோது அதிகாரிகள் காற்பந்துக்கும் ரக்பிக்கும் கிண்ணம் கொடுத்தார்கள். காற்பந்து தோட்டம் தோட்டமாகப் பரவியது. ரக்பி கோலகங்சார் மலாய்க் கல்லூரி மாதிரி உறைவிடப் பள்ளிகளிலும் ராணுவம், போலீஸ் அணிகளிலும் தங்கிவிட்டது.

நான் இடைநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். நம் பையன் ஒருவன் ஓரத்தில் ஆடுவான், நல்ல ஓட்டம். லாரி ஓட்டும் அவன் அப்பா ஒருநாள் ஆட்டம் பார்க்க வந்தார். "சார், பந்தை வெச்சிருக்கிறவனைப் போட்டு அமுக்குறாங்க, நடுவர் பாத்துக்கிட்டு நிக்கிறாரே?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். இரண்டாம் பாதியில், "பிடிடா, காலைப் பிடிடா!" என்று அவர்தான் திடலிலேயே உரக்கக் கத்தினார். இடம் கொடுத்தால் எங்கள் ஆட்களும் கத்துவார்கள் ஐயா.

1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில்தான் எழுவர் ரக்பி முதன்முதலாகச் சேர்ந்தது. பெட்டாலிங் ஜெயாவில் நியூசிலாந்து நட்சத்திரம் ஜோனா லோமுவே வந்து ஆடினார். நியூசிலாந்து தங்கம், பிஜி வெள்ளி. எங்கள் மேசையில் சிலருக்கு ரக்பிப் பைத்தியம் பிடித்தது அங்கேதான். எனக்கு அன்று முதல் பிஜி மேல் ஒரு கண்.

காரணம் வெறும் ஆட்டம் மட்டும் இல்லை. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து நம்மவர்கள் பிஜிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். நாடி நகரில் இன்றும் பெரிய முருகன் கோவில் இருக்கிறது. அங்கே ரக்பி பூர்வகுடிகளின் ஆட்டம், இந்தியர்களுக்குக் காற்பந்து. நம்மூர்ப் பிரிவினையை அங்கேயும் அச்சடித்த மாதிரி. 1987 மே 14ஆம் தேதி ராணுவ அதிகாரி ரபுக்கா ஆட்சியைக் கவிழ்த்தார். இந்தியர்கள் அதிகமாக இடம்பெற்ற அரசாங்கம் அது. ரபுக்கா இளமையில் பிஜிக்கு ரக்பி ஆடியவர்! எட்டு நாள் கழித்து முதல் ரக்பி உலகக் கிண்ணம் தொடங்கியது. பிஜி அதில் காலிறுதி வரை போனது. மூட்டை கட்டிக்கொண்டிருந்த இந்தியக் குடும்பம் அந்த வெற்றிக்குக் கை தட்டியிருக்குமா?

ஆனால் 2016இல் ரியோவில் பிஜி எழுவர் அணி பிரிட்டனை 43-7 என்று நொறுக்கித் தங்கம் வென்றது. நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம். அரசு விடுமுறை விட்டது, நினைவாக 7 டாலர் நோட்டு அடித்தது. அன்று இந்தியர்களும் தெருவுக்கு வந்தார்கள். அணியில் இடம் கிடைக்காதவர்களும் சில நாள் கை தட்டிவிடுகிறார்கள் பாருங்கள். என் கட்சிக்கு அது கொஞ்சம் இடிக்கிறது, எங்கள் ரயில்வே அண்ணன் அதைத்தான் குத்திக் காட்டிக்கொண்டே இருப்பார். 2022 கடைசியில் ரபுக்கா மறுபடி பிரதமராக வந்து, 2023 மே மாதம் 1987 கவிழ்ப்புக்காக மன்னிப்புக் கேட்டார். அந்த ஆகஸ்டில் பிஜி லண்டனில் இங்கிலாந்தை 30-22 என்று முதன்முறையாக வென்றது. மன்னிப்பு பெரியதா, அந்த வெற்றி பெரியதா என்று எங்கள் மேசையில் இன்னும் முடிவாகவில்லை.

அடுத்த உலகக் கிண்ணம் 2027 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில். பெர்த் நேரமும் நம் நேரமும் ஒன்றுதான், தூக்கம் கெடாது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் எங்கள் மேசைக்கு வாருங்கள், எந்த அணிக்குக் கத்தினாலும் நாற்காலி உண்டு. நன்றி, வணக்கம்.