மருந்து விற்ற காசில் இசை வளர்த்தவர்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். மாணவர்களுக்கு மேற்படிப்பு, வேலை பற்றி யோசனை சொல்லும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. அதற்காக வரும் பிள்ளைகளில் பலருக்கும் என்ன வேலைக்குப் போவது என்று தெரியாத குழப்பம்தான். ஆனால் சிலருக்கு வேறு குழப்பம். "எனக்கு ரெண்டு மூணு விஷயம் பிடிக்கும் சார். எதை விடறதுன்னுதான் தெரியலை" என்பார்கள். இன்றைய பேச்சு அவர்களுக்காக. அவர்களைப் பெற்றவர்களுக்காகவும்.

பெற்றவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. அகலக் கால் வைக்காதே என்பார்கள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று ஒரு பழமொழியே இருக்கிறது. ஒரே வேலையில் நிலைத்து நின்றதால் பிள்ளைகளைப் படிக்கவைத்து வீடு கட்டியவர்கள் அப்படிச் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் பல மரம் பார்த்து, பல மரத்தையும் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வீடே கட்டிய ஒருவர் தஞ்சாவூரில் இருந்தார். அவர் அதை எப்படிச் செய்தார் என்பதை விவரமாகப் பார்த்தால் இந்தப் பயம் கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

ஆபிரகாம் பண்டிதர். 1859இல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். அங்கேயே இசை கற்றார், பிடில் வாசித்தார், புகைப்படக் கலையும் பழகினார். மூலிகைகள் மேல் ஏற்பட்ட ஈடுபாட்டில் சுருளி மலைக்குப் போனார். அங்கே கருணானந்தர் என்ற முனிவரைக் குருவாக ஏற்று மருத்துவம் அறிந்துகொண்டதாகச் சொல்வார்கள். இருபத்தைந்து வயதுக்குள் வாத்தியார், பிடில்காரர், புகைப்படக்காரர், சித்த வைத்தியர் என்று நாலு முகம் அவருக்கு. இன்று ஒரு பையன் இப்படி இருந்தால் நாம் என்ன சொல்லுவோம்? "உருப்படமாட்டான்" என்று சொல்லியிருப்போம்.

1880களில் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளோடு தஞ்சாவூருக்கு வந்தார். அம்மையார் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியை. இவர் அதே பள்ளியில் தமிழாசிரியர். தலைமையாசிரியையின் கணவர் அவருக்குக் கீழே வேலை பார்ப்பது அந்தக் காலத்தில் சாதாரணமா? அதை இருவரும் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே எனக்கு அவர்கள் மேல் மரியாதையைக் கூட்டுகிறது. 1890இல்தான் பண்டிதர் பள்ளி வேலையை விட்டு முழுநேர வைத்தியத்துக்கு வந்தார். அதுவரை மாதச் சம்பளம் இருந்தது.

அதன்பின் மருந்துத் தொழில் வளர்ந்தது. குருவின் பெயரில் செய்த சஞ்சீவி மருந்துகளுக்குத் தஞ்சையைத் தாண்டியும் பேர் கிடைத்தது. இலங்கை, பர்மா என்று கடல் கடந்தும் போயின. அந்த வருமானத்தில் ஊருக்கு வெளியே நிலம் வாங்கினார். கருணானந்தபுரம் என்று பேர் வைத்தார். ஊர்க்காரர்களுக்கு அது பண்டிதர் தோட்டம். மூலிகை வளர்த்தார், கரும்பில் புது ரகங்களைப் பயிர் செய்து பார்த்தார், பட்டுப்புழு வளர்த்தார். 1909இல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது. இந்த நேரத்திலெல்லாம் இசை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. தமிழில் கீதங்கள் எழுதி, பிள்ளைகள் கற்றுக்கொள்ளத் தோதாக 1907இல் புத்தகமாகப் போட்டார்.

1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த நாலைந்து ஆண்டுகளில் வரிசையாக இசை மாநாடுகள் நடந்தன. வித்துவான்களை வரவழைத்து, தங்கவைத்து, சாப்பாடு போட்டு, ச முதல் மேல் ச வரையுள்ள ஒரு ஸ்தாயியில் சுருதி என்னும் நுட்பமான ஒலிப்படிகள் எத்தனை என்ற கேள்வியை அவர்கள் முன் வைத்தார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்கும் போனார். அவர் குடும்பத்துப் பெண்கள் அங்கே வீணையில் வாசித்துக்காட்ட, இவர் தன் கணக்கை விளக்கினார்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்பது சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் முதலிய நூல்களில் இருப்பது. பண்டிதர் அதை ஏற்கவில்லை. சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் வரும் பாலைகளை, அதாவது பழந்தமிழர் சுரங்களை வகுத்த முறைகளை, எடுத்துக்கொண்டார். ஆயப்பாலையில் ஸ்தாயி 12 சம பாகம், வட்டப்பாலையில் 24, திரிகோணப்பாலையில் 48, சதுரப்பாலையில் 96 என்று பிரித்துக் காட்டினார். இதை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. இன்றைக்கும் அந்த வாதம் தீரவில்லை. ஆனால் தமிழிசை வரலாற்றை ஆராய வரும் யாரும் அவரைத் தொடாமல் போக முடியாது.

எல்லாவற்றையும் சேர்த்து 1917இல் அவருடைய இசை ஆராய்ச்சி நூலான கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பிரித்துப் பார்த்தால் பத்தி பத்தியாகத் தமிழ், நடுவில் பக்கம் பக்கமாக எண் அட்டவணைகள். தசமப் புள்ளிக்குப் பின்னால் நீளும் இலக்கங்கள். அவ்வளவையும் ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துத்தான் அன்றைக்கு அச்சடிக்க வேண்டும். வெளி அச்சகத்துக்குப் போயிருந்தால் அந்த அட்டவணைகளைப் பார்த்ததும் பாதியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பண்டிதருக்கு அந்தத் தொல்லை இல்லை. சொந்தமாக மின்சார அச்சகமே வைத்திருந்தார். சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியின் பேரில் லாலி அச்சகம்.

மருந்து பணம் கொடுத்தது. பணம் நிலமானது, அச்சகமானது, மாநாட்டுச் சாப்பாடானது. இசையிடம் மட்டும் அவர் காசு கேட்கவே இல்லை. நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். உனக்கு மூன்று ஆசை இருந்தால் மூன்றையும் விடாதே, ஆனால் மூன்றிடமும் சோறு கேட்காதே. எது சோறு போடும், எதற்கு நீ சோறு போடப் போகிறாய் என்பதை முதலில் முடிவு பண்ணு.

காசு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சபை ஒத்துக்கொள்வதை எழுத வேண்டியிருந்திருக்கும். வித்துவான்களைப் பகைக்க முடியாது. ஊர் முழுக்க நம்பிய 22 சுருதியைத் தப்பு என்று சொல்ல வாய் திறக்க முடியாது. வைத்தியத்தில் வந்த வருமானம்தான் அந்தத் துணிச்சலுக்கு இடம் கொடுத்தது. அதற்காக வைத்தியத்தை அவர் வெறும் பிழைப்பாக நடத்தினார் என்று நினைத்துவிட வேண்டாம். மலையேறித் தேடிக் கற்றது அது. பிடித்த காரியங்களில் எதற்கு ஊரில் ஆள் தேவைப்படுகிறதோ, எதற்குக் காசு கொடுக்க மக்கள் தயாராக இருக்கிறார்களோ, அதைச் சம்பாத்தியத்துக்கு வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சரி, எல்லாருக்கும் இப்படி ஒரு மருந்துத் தொழில் அமையாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வேறு விதமாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். தாவரவியல் படித்தார், சட்டமும் படித்தார். இன்றைய கர்நாடகத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில் பல வேலைகள் பார்த்தார். சுதந்திரத்துக்குப் பின் சமஸ்தானம் இல்லாமல் போக, சென்னைக்கு வந்து எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே மிச்ச வாழ்க்கையை நடத்தினார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடர் 1996இல் அவர் மறையும் வரை வந்தது. யானையைக் காட்டில் போய்ப் பார்ப்பவரும் அவரே, கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பவரும் அவரே, கோட்டோவியம் போடுபவரும் எழுதுபவரும் அவரே. தனித்தனியாகப் பார்த்தால் அவரைவிட நல்ல ஓவியர் இருந்திருப்பார், அவரைவிட நல்ல தாவரவியலாளர் இருந்திருப்பார். நாலும் ஒரே ஆளிடம் சேர்ந்தது வேறெங்கே கிடைக்கும்? அதற்குத்தான் மதிப்பு. ஆனால் இந்த வழியில் மாதம் பிறந்தால் சம்பளம் வராது. சிக்கனமாக இருக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் இது ஒத்துவரும். அதை மறைத்துப் பேசுவது சரியில்லை.

பெரியசாமித் தூரனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர், கவிஞர், சிறுகதை எழுதியவர், மேடைகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றியவர். பழைய சுதேசமித்திரன் இதழ்களைத் தேடிப் படித்துப் பாரதியின் எழுத்துகளைத் தொகுத்துக் கொடுத்தவரும் அவர்தான். தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் போட முடிவு செய்தபோது அதன் முதன்மைப் பதிப்பாசிரியராக வந்தவர் இவர். அறிவியலும் வேண்டும், இசையும் வேண்டும், இலக்கியமும் வேண்டும், பத்துத் தொகுதி வரும்வரை நிர்வாகமும் பார்க்க வேண்டும். ஒரே துறையில் மூழ்கியவரால் அதைச் செய்திருக்க முடியாது. பல பக்கம் போன மனமே அந்த வேலைக்குத் தகுதியாயிற்று. அதன்பிறகு குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதி வந்தது. இப்படிப்பட்ட வேலைகள் இன்றும் உண்டு. அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம், அறிவியல் இதழியல், பாடநூல் தயாரிப்பு எல்லாம் ரெண்டு மூணு துறை தெரிந்தவரைத் தேடும் இடங்கள்.

அண்மையில் வேதியியல் படிக்கும் ஒரு மாணவி வந்தாள். வீட்டில் சுங்குடி சேலைக்கு முடிச்சுப் போடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து சாய வாடையிலேயே வளர்ந்தவள். ஓவியம் நன்றாகப் போடுவாள். ஓவியத்தை விட்டுவிட்டு எம்.எஸ்சி. சேரலாமா, படிப்பை விட்டுவிட்டு டிசைன் பக்கம் போகலாமா என்று கேட்டாள். கையைக் காட்டச் சொன்னேன். நகக்கண்ணில் நீலம் ஒட்டியிருந்தது. துணியில் சாயம் ஏன் ஒட்டுகிறது, வெயிலில் ஏன் வெளுக்கிறது என்று வேதியியலாகவே எனக்குப் பத்து நிமிஷம் விளக்கினாள். எதையும் விட வேண்டாம் என்றேன். சாயப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போகலாம், அது மாதச் சம்பளம் தரும். டிசைனை வீட்டுத் தறிக்காரர்களோடும் முடிச்சுக்காரர்களோடும் சேர்ந்து மெதுவாக வளர்க்கலாம். நாலைந்து வருஷம் கழித்து எது எதைத் தாங்கும் என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. நம் ஊர்த் தெருக்களில் காலையில் இட்லி மாவு விற்று, மதியம் ரவிக்கை தைத்து, சாயங்காலம் ட்யூஷன் எடுக்கும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களை யாரும் பல்துறை வல்லுநர் என்று மேடையேற்றுவதில்லை. ஆண் செய்தால் திறமை, பெண் செய்தால் கஷ்டம் என்று பார்க்கிறோம். பண்டிதர் வரலாற்றில் பொன்னம்மாளின் தலைமையாசிரியைச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பல ஆர்வத்தோடு வாழும் ஒவ்வொருவர் வீட்டிலும் யாரோ ஒருவர் அடுப்பையும் கணக்கையும் பார்த்துக்கொள்கிறார். அது எப்போதும் ஒருவர் தலையிலேயே விழக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

கடைசியாக, வேலையில் இருப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்துக்கொண்டே தமிழ்த் திரைப்பட வரலாற்றையும் காட்டுயிர்களையும் பற்றி எழுதியவர் சு. தியடோர் பாஸ்கரன். அரசு வேலை பார்த்தால் வேறொன்றும் செய்யக் கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள், அலுவலகக் கடமை கெடாத வரையில், எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கு முன் அனுமதி தேவையில்லை என்கின்றன. வியாபாரம் செய்வது வேறு, அதற்குத் தடை உண்டு. மாநில அரசு ஊழியர்கள் தங்கள் விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். தனியார் கம்பெனியில் சேருபவர்கள் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். வெளிவேலைக்குத் தடை போடும் வரி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் மனிதவளப் பிரிவில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புக்கு அனுமதி தருகிறது. ஒன்று நேரில், மற்றொன்று தொலைநிலையில் படிக்கலாம். வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் நேரிலேயே படிக்கலாம். உங்கள் பல்கலைக்கழகம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறதா என்று சேர்க்கைக்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தொலைநிலைப் படிப்பில் சேருவதாக இருந்தால் அதற்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்றும் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

வணக்கம்.