சங்கும் ஸ்கோரும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்களே, கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் வணிகர் சங்கத்து அண்ணாச்சிமார்களே, நான் பேசுவதைப் பக்கத்தில் நின்று கைகளால் சொல்லிக்கொண்டிருக்கும் தங்கச்சி, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். யாருடைய பெயராவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்க வேண்டும். அறிவிப்பாளர் மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார், உதடு தெரியவில்லை.

இன்று செப்டம்பர் 23. 1951இல் இதே தேதியில்தான் ரோம் நகரில் உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு தொடங்கியது. அதனால் 2018 முதல் ஐ.நா. இதைச் சைகை மொழிகள் நாளாகக் கொண்டாடுகிறது. மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். பதின்வயதில் கூட்டாளிகள் கிடைப்பது, தேர்வுச் சலுகைகள், காது மிஷின் விலை.

அதற்கு முன்னால் ஒரு பழமொழி. ‘செவிடன் காதில் ஊதிய சங்கு.’ பள்ளியில் என் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்வார்கள். பின்னால் சொன்னதால் எனக்குத் தெரியவும் இல்லை! ஊதுகிறவன் முன்னால் வந்து நின்றிருந்தால் அவன் கன்னம் உப்புவதாவது தெரிந்திருக்கும். குற்றம் செவிடன் மேலா, சங்கு மேலா?

முழுக்கக் கேட்காதவருக்கு ஒரு கூட்டம் உண்டு. நன்றாகக் கேட்கிறவருக்கு ஊரே உண்டு. நடுவில் கிடக்கிறவன் பாடுதான் திண்டாட்டம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கு வைத்திருக்கிறது: இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர், 60 முதல் 70 வரை என்றால் குறைவாகக் கேட்பவர். மீதியை உதட்டைப் பார்த்துச் சமாளிக்கிறோம். உதட்டில் ‘ப’வும் ‘ம’வும் ஒன்றுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் பணம் பேசுகிறார்களா, மணம் பேசுகிறார்களா என்று எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்றைய தேதிதான், ஆனால் 1986. செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். எனக்குப் பதினாலு வயது. அன்றைக்கு என்னிடம் இருந்த காது மிஷின் காதுக்குப் பின்னால் ஒளிகிற சாமான் இல்லை. சட்டைப் பையில் ஒரு டப்பா, உள்ளே பென்சில் செல், அதிலிருந்து காதுக்கு ஒரு வயர். சாயங்காலம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பார்ப்பவர்களுக்கு நான் டிரான்சிஸ்டர் கேட்கிற பையன்.

முதுகுப்பக்கமாக ஒருவர் வந்து ஏதோ கேட்டார். புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டுவது எங்கள் குலத்தொழில். ஆட்டினேன். “ஜெயிச்சாச்சா?” என்று கேட்டிருக்கிறார். அடுத்த நிமிஷம் என்னைச் சுற்றி இருபது பேர். ஒருவர் தோளைத் தட்டுகிறார், ஒருவர் கையைக் குலுக்குகிறார், பெட்டிக்கடைக்காரர் கடலைமிட்டாயை உடைத்துக் கையில் திணிக்கிறார். எனக்கு ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்றே நினைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து, நிஜமான டிரான்சிஸ்டரோடு ஒரு மனிதர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். இந்தியாவுக்கு வேண்டியது 348. எடுத்தது 347. ஆல் அவுட், டை! வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் அதற்கும் தலையாட்டினேன்.

ஒருவர் மட்டும் சத்தமே இல்லாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். தையல்காரர். தன் காதைத் தொட்டுக் கையை விரித்தார். பிறகு என் காதைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். அன்றைக்குக் கேள்வி புரிந்து நான் தலையாட்டியது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு மைதானத்துப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். பத்துப் பேர், அத்தனை பேரும் சைகையில் பேசுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே காது கேளாதோர் பள்ளி இருக்கிற ஊர் எங்கள் ஊர். ஆனாலும் ‘சைகை பழகினால் வாய்ப்பேச்சு போய்விடும்’ என்று வீட்டில் என்னை அந்தப் பக்கமே விட்டதில்லை. வாயால் பேசுகிறவன் என்று அவர்களும் முதலில் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அங்கே ஒருவரும் “ஒண்ணுமில்ல விடு, அப்புறம் சொல்றேன்” என்று சொல்லவில்லை. வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தினமும் நான் கேட்ட வாக்கியம் அது.

அதனால்தான் இப்படிக் கூடிப் பேச நூலகத்தில் ஓர் அறை கேட்கிறேன். என்னை ‘அறைப் பைத்தியம்’ என்கிறார்கள், தெரியும். நூலக அலுவலர் அம்மா கவனிக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், பதின்வயதுப் பிள்ளைகளுக்காக. கேட்காதவரும் வரட்டும், அரைகுறையாகக் கேட்பவரும் வரட்டும். வட்ட மேசை வேண்டும், நீள மேசையில் ஓரத்து ஆளின் முகம் தெரியாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரும் உட்காரக் கூடாது, முகம் இருட்டிவிடும். மின்விசிறி கடகடக்கக் கூடாது, மிஷின் முதலில் அதைத்தான் பெரிதாக்கும். செல்போனில் முகம் பார்த்துக் கையால் பேசிக்கொள்ளலாமே என்கிறார்கள். பேசலாம். கடலைமிட்டாயை எப்படிப் பங்கு போடுவது?

ஓர் அலுவலகத்தில் இதற்காக மூன்று மனு கொடுத்தேன். பெயர் வேண்டாம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்றால் என்னவென்று அங்கேதான் முழுசாக விளங்கியது.

மற்ற இரண்டு விஷயமும் பாக்கி. ஆனால் தங்கச்சிக்குக் கை வலிக்கிறது, நேரம் முடிந்தது என்றும் அதே கையால் காட்டுகிறார். அறைக்கு வர விரும்பும் பிள்ளைகள் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். அடுத்துப் பேசப்போகிறவரின் உதடு தெரிய வேண்டும், முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.