பூவுக்குக் காம்பு இருக்கிறதா?

வணக்கம் நேயர்களே.

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு கட்டுப் பொன்னாங்காணி வாங்கினால் அதை உடனே அரிந்துவிடாதீர்கள். கட்டை அவிழ்த்து, பழைய பத்திரிகை ஒன்றின் மேல் தண்டு தண்டாகப் பரப்புங்கள். சில தண்டுகளில் பூ இருக்கும். அது இலையும் தண்டும் சேரும் கணுவில், காம்பே இல்லாமல், சிறு பொரி ஒட்டினாற்போல் இருந்தால் பொன்னாங்காணி. அதே கணுவிலிருந்து ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ காம்பு நீண்டு, அதன் நுனியில் சட்டைப் பொத்தான் அளவு வெள்ளைப் பூக்கொத்து நின்றால் அது வேறு செடி. அலிகேட்டர் வீட் என்பார்கள். நாம் முதலைக்களை என்று வைத்துக்கொள்வோம்.

முதலைக்களையின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. இலங்கையில் இது பரவியிருப்பது 1990களின் கடைசியில்தான் தெரியவந்தது. அதற்குள் பலர் இதைப் பொன்னாங்காணி என்று நினைத்து வீட்டுத் தோட்டத்தில் நட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள், நெருங்கிய உறவு. இரண்டிலும் இலைகள் எதிரெதிராக வரும், கணுவுக்குக் கணு வேர் விடும். தண்டு உள்ளே குழலாக இருந்தால் முதலைக்களை என்று சிலர் சொல்வதுண்டு. அந்தச் சோதனையை நம்பாதீர்கள். தண்ணீரில் கிடந்து வளர்ந்தால் பொன்னாங்காணித் தண்டும் பருத்துக் குழலாகும். நிழலில் இலை அகலும், வெயிலில் ஒடுங்கும். பூ நிற்கும் விதம் மட்டும் மாறாது. பூக்காத தண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

முதலைக்களை தின்றவுடன் ஆளைக் கொல்லும் நஞ்சு அல்ல. ஆனால் அழுக்கு வாய்க்காலில் செழித்து வளரும், அங்குள்ள ஈயம் போன்ற கன உலோகங்களை உடம்பில் ஏற்றிக்கொள்ளும். கட்டில் அகப்பட்டால் வடிகானுக்குள் எறியாதீர்கள். கணு உள்ள ஒரு துண்டு போதும், அது புதுச் செடியாகிவிடும். வெயிலில் மொறுமொறுவெனக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

காட்டுக் கீரை பழக விரும்புகிறவர்களுக்கு முதல் பாடம் சந்தையில்தான் இருக்கிறது. பூவைப் பார்த்து உறுதி செய்த கட்டிலிருந்து ஆறு அங்குலத் தண்டுகள் நான்கை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி ஒரு சாடியில் நடுங்கள். அது துளிர்ப்பது, படர்வது, பூப்பது, பூச்சி தின்னும்போது இலை எப்படி ஆகிறது என்று எல்லாவற்றையும் சில மாதங்கள் பாருங்கள். ஒரே செடியை அதன் எல்லா வயதிலும் பார்த்தவருக்குத்தான் வெளியில் அதை அடையாளம் காணக் கண் வரும். கைப்பேசிச் செயலி ஒரு பெயரைச் சொல்லும். அதைத் தேடலின் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், சட்டியில் போடுவதற்கு அது சான்று ஆகாது. பெயர்களும் ஏமாற்றும். யாழ்ப்பாணத்தில் தவசி முருங்கை என்பது ஒரு செடி, தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பது இன்னொன்று.

அடுத்தது வல்லாரை. இலை சிறுநீரக வடிவம். காம்பு சேரும் இடத்தில் இலை பிளந்திருக்கும், ஓரம் பல்லுப்பல்லாக இருக்கும். நூல் போன்ற கொடி நிலத்தில் ஓடிக் கணுவில் வேர் விடும். பூ மிகச் சிறியது, நிலத்தோடு ஒட்டி இலைகளின் அடியில் மறைந்திருக்கும். இலை முழு வட்டமாகி, காம்பு அதன் நடுவில் குடைக்கம்பி போல ஏறியிருந்தால் அது வல்லாரை அல்ல. அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் வேறொரு நீர்ச்செடி அது.

சரி, செடி தெரிந்துவிட்டது. கொழும்பில் அதைவிடப் பெரிய கேள்வி, அது எங்கே நிற்கிறது என்பது. 2018இல் இந்த நகரம், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. தியவன்னா வாவியும் கொலன்னாவைச் சதுப்பும் வெள்ளத்தைத் தாங்குகின்றன, நகரத்தின் கழிவுநீரை வடிகட்டுகின்றன. அந்த வடிகட்டும் வேலையில் அங்குள்ள செடிகளுக்கும் பங்கு உண்டு. வடியில் தங்கிய மண்டியை யாரும் குடிப்பதில்லை அல்லவா? வாய்க்கால் கரைக் கீரை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். கன உலோகம் கழுவினாலும் போகாது, அவித்தாலும் போகாது. புகையிரதப் பாதையோரம், கராஜ்களின் பின்புறம், பெருந்தெரு ஓரம், குப்பை கொட்டி நிரப்பிய காணி, இவையும் வேண்டாம். தியசரு, பெத்தகான போன்ற ஈரநிலப் பூங்காக்களில் பார்த்துப் பழகுங்கள், பறிக்காதீர்கள்.

பறிக்க ஏற்றவை சொந்த முற்றம், நன்றாகத் தெரிந்தவரின் வளவு, நகருக்கு வெளியே உரிமையாளரைக் கேட்ட பின் வயல் வரம்பு. வரம்பில் பறிப்பதானால் களைகொல்லி தெளித்தது எப்போது என்று கேளுங்கள். ஒரு பட்டையாகச் செடிகள் மஞ்சளித்துக் கருகியிருந்தால் கேட்கவே தேவையில்லை, திரும்பிவிடுங்கள். மழைக்குப் பின் வெறுங்காலோடு இறங்க வேண்டாம். காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் அதன் வழியே ஏறும்.

வல்லாரைச் சம்பல் பச்சையாகத் தின்பது என்பதால் கழுவுவதில் அவசரம் கூடாது. வேரையும் அடித்தண்டையும் வெட்டி எறிந்து, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, பின்பு ஓடும் தண்ணீரில் இலை இலையாக, அடிப்புறம் உட்படத் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் புழுவை விலக்கும், கிருமியை முழுவதும் கொல்லாது. இடத்தைப் பற்றிச் சிறிது ஐயம் இருந்தாலும் சம்பலை விட்டு வறை செய்யுங்கள். சாறணை, பருப்புக்கீரை போன்றவற்றில் சிறுநீரகத்தில் கல்லாகப் படியக்கூடிய ஒக்சலேற்று என்ற உப்பு அதிகம். நிறையத் தண்ணீரில் ஐந்து நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் தேங்காய்ப்பூச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இவற்றைத் தவிர்ப்பது நல்லது. பருப்புக்கீரை பறிக்கும்போது ஒரு தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வடிந்தால் அது நிலத்தில் படரும் வேறொரு களை.

குப்பைமேனியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அடையாளத்தில் பிழை இல்லாமலே ஆபத்து வருகிறது. காலையில் இலைக்கஞ்சிக்குப் பலர் போடும் கீரைதான் இது. ஆனால் ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறந்தவர்கள் குடித்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகலாம். இலங்கையிலேயே அப்படி நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுத்துக் கோப்பி நிறத்தில் போகும், மூச்சு வாங்கும். இந்தக் குறை பெரும்பாலும் ஆண்களிடம் வெளிப்படும், பரம்பரையாக வரும். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குடும்பத்தில் யாருக்காவது இது உண்டென்றால் அந்த வீட்டில் குப்பைமேனிக் கஞ்சியே வேண்டாம்.

பழகும் காலத்தில் கிழங்கு தோண்டாதீர்கள். கார்த்திகைப்பூக் கிழங்கைச் சாப்பாட்டுக் கிழங்கென்று அவித்துத் தின்று உயிர் போனதுண்டு. கொடி காய்ந்த பின் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு தன் பெயரைச் சொல்லாது. காளானும் அப்படித்தான், தொடவே வேண்டாம். பறவை தின்றால் நாமும் தின்னலாம் என்பது பிழையான கணக்கு. மஞ்சள் அலரிப் பழத்தைக் குயில் தின்றுவிட்டுப் பறக்கும். மனிதனுக்கு அதன் விதை இதயத்தையே நிறுத்தும்.

புதிய கீரையை முதன்முதலில் சமைக்கும்போது அதை வேறெதோடும் கலக்காதீர்கள். வளர்ந்த ஒருவர் மட்டும் இரண்டு கரண்டி தின்று, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை வேண்டாம். சமைக்குமுன் பூவோடு ஒரு முழுத் தண்டை ஈரக் கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். வாந்தி, வயிற்றோட்டம், வாய் வறட்சி, பார்வை மங்கல், நெஞ்சுப் படபடப்பு எது வந்தாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுக்காதீர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. மருத்துவர்கள் அங்கே ஆலோசனை கேட்பார்கள். அவர்கள் முதலில் கேட்பது எந்தச் செடி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதுதான். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது, ஈரக் கடதாசியில் சுற்றி வைத்த அந்தத் தண்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.