ஐந்தாவது கட்டு

வணக்கம் நேயர்களே.

வாசிப்பைப் பற்றிப் பேச வரச்சொல்லிக் கேட்டபோது, "நான் எழுத்தாளர் இல்லையே, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள்தானே" என்று சொல்லிப் பார்த்தேன். வாசிக்கிற ஆள்தான் வேணும் என்றார்கள். அப்படியென்றால் எங்கள் வீட்டில் நடக்காமல் போன ஒரு செத்தவீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயசிருக்கும். திருகோணமலையில், உவர்மலையில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அன்றைக்கு வந்து பார்த்தால் அடுப்பில் உலை இல்லை. குசினி வாசற்படியில் அம்மா இருந்து சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுகிறா. பக்கத்தில் பாதி துருவின தேங்காய், திருவலையோடு கிடக்கிறது. அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னப்பா? ஆர் மோசம் போனது?"

"மணிமேகலை."

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு மணிமேகலை அக்கா இருந்தா. அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. அறைக்குள் போய்க் காற்சட்டையை மாற்றி வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். "நேற்றுத்தானே கண்டனான். எத்தனை மணிக்கு எடுக்கினமாம்?" என்றார். அம்மாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது. மடியில் கிடந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டினா. "இதிலயப்பா. வந்தியத்தேவன்ர மடியில."

அப்பா அன்றைக்குப் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். இரண்டு மூன்று நாளாக அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பசியினால் வந்த கோபம் என்றுதான் நான் நினைத்தேன். அந்த அக்கா அடுத்தநாள் பின்னேரம் கறிவேப்பிலை கேட்டு வந்தா. ஒரு நெட்டுக் கேட்டவவுக்கு, அப்பா எழும்பிப் போய்ப் பாதி மரத்தையே முறித்துக் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு மனதுக்குள் பாடை கட்டிவிட்ட குற்றம் அவரைப் போட்டு வாட்டியிருக்கிறது.

புத்தகம் எதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொன்னியின் செல்வன். கல்கி இதழில் 1950இல் தொடங்கி 1954 வரைக்கும் வாராவாரம் வந்த கதை. எங்கள் பெரிய மாமா அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மட்டையும் துணியும் போட்டு ஐந்து கட்டாகக் கட்டி வைத்திருந்தார். அம்மாவுக்கு அது சீதனம் மாதிரி. மணியம் வரைந்த குந்தவையின் கொண்டையைப் பார்த்துப் பார்த்து, தன் தலையில் அதே மாதிரிப் போட்டுப்பார்த்துச் சரிவராமல் அவிழ்த்துவிட்ட நாட்களும் உண்டு. ஐந்தாவது கட்டைத்தான் அன்றைக்கு முடித்திருந்தா. முதல் தரம் வாசித்து அழுததென்று நினைத்துவிடாதையுங்கோ. அது நாலாம் தரம்!

ஒவ்வொரு தரமும், இந்த முறையாவது அவள் தப்பிவிடுவாளோ என்று ஒரு நப்பாசை இருக்கும் என்று அம்மா சொல்லுவா. கணக்கு வாத்தியாரான எனக்கு இது பெரிய அதிசயம். விடை தெரிந்த கணக்கை மறுபடி செய்யும்போது வேறு விடை வரும் என்று ஆர் காத்திருக்கிறது? ஆனால் நானும் பிறகு அப்படித்தான் காத்திருந்தேன்.

அம்மா மட்டுமில்லை. தொடர் முடிந்தபோது வாசகர்கள் கல்கியை விடவில்லை. சட்டென்று முடித்துவிட்டீர்கள், அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேட்டார்கள். அவர் அதற்கென்றே முடிவுரை ஒன்று எழுதி, குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கலியாணம் நடந்ததா, நந்தினி என்ன ஆனாள் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஊரை விட்டுப் போன சொந்தக்காரரைப் பற்றிச் சுகம் விசாரிக்கிற மாதிரித்தான். அதே 1954 மார்கழியில் கல்கி காலமாகிவிட்டார். "மணிமேகலைக்காக இனி ஆரிட்டப் போய்ச் சண்டை பிடிக்கிறது" என்பா அம்மா.

இங்கிலாந்துக்காரருக்கு அந்த வசதி இருந்தது. 1893இல் ஆதர் கொனன் டொயில் ஷெர்லொக் ஹோம்ஸை ஓர் அருவியில் விழுத்திக் கதையை முடித்தார். வாசகர்கள் திட்டிக் கடிதம் எழுதினார்கள், சஞ்சிகைச் சந்தாவை நிறுத்தினார்கள். பத்து வருசம் கழித்து, 1903இல், ஆளை உயிரோடு கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாய்ப் போயிற்று.

இதையெல்லாம் சொன்னால், "வேலை இல்லாதவர்களின் கிறுக்கு" என்று சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்கு நான் ஒன்று சொல்லுவேன். எங்கள் கிழக்கில் கண்ணகை அம்மன் கோவில்களில் வைகாசி மாதம் வழக்குரை, அதாவது கண்ணகியின் கதைப் பாட்டு, படிக்கிறார்கள். கோவலன் கொலைப்படுகிற இடம் வரும்போது கிழவிகள் கண்ணைத் துடைக்கிறதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். படித்து முடித்துக் குளிர்த்தி பாடுகிறார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சூடு ஆறவேண்டும் என்று வருசாவருசம் செய்கிற சடங்கு அது. அங்கே அவ தெய்வம், சரிதான். ஆனாலும் ஏட்டில் வாசித்த ஒருத்தியின் கோபத்தை ஆற்றுகிற ஊரில் பிறந்துவிட்டு, எங்கள் அம்மா ஒரு மத்தியானம் சமைக்காமல் விட்டதைக் கிறுக்கு என்கிறது எந்த நியாயம்?

கதை வாசிக்கிறவர்கள் வேறொரு உலகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று சொல்லுவார்கள். எனக்கு அப்படி நடந்ததே இல்லை. கதைதான் பெட்டி படுக்கையோடு எங்கள் ஊருக்கு வந்து இறங்கியது. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரி எனக்குக் கந்தளாய்க் குளம். வேறு பெரிய தண்ணியை நான் கண்டிருந்தால்தானே! கோடிக்கரை என்றால் நிலாவெளி. அரண்மனை வாசல் என்று வருகிற இடமெல்லாம் பிரெட்ரிக் கோட்டை வாசல்தான், உள்ளே புள்ளிமான்களும் நிற்கும். பூங்குழலிக்கு நான் கொடுத்த முகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடைவாயில் வெற்றிலையோடு எங்கள் படலையில் வந்து கூடையை இறக்கி, விலை குறைத்துக் கேட்டால் சூடை மீனை வாரிக் கூடைக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போகிற மீன்காரப் பெண்ணின் முகம். அவவும் பயமில்லாமல் தோணி வலிப்பா என்று கேள்விப்பட்டிருந்தேன்.

கதையின் இரண்டாம் பாகம் இலங்கையில் நடக்கிறது. தம்புள்ளையில் யானைப்பாகன் வேசத்தில் வருகிறவன்தான் இளவரசன் அருள்மொழி. இதை வாசித்த வருசம் அப்பாவோடு கண்டிக்குப் பஸ்ஸில் போனேன். ஹபரணை தாண்டினதிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நித்திரை கொள்ளாமல் இருந்தேன். ஒரு யானை வந்தது. மேலே இருந்த ஆள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். வேசம் நல்லாய்த்தான் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வழக்கம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஈழத்தில் வந்த முதல் தமிழ் நாவல்கள் இரண்டு மூன்றை எண்ணினால் அதில் இரண்டு திருகோணமலைக்காரர் எழுதியவை. இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை 1891இல் வந்தது. பிரிந்துபோன இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றைக் கரடி வளர்க்கிற ஐரோப்பியக் கதையைத் தழுவியது. தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895. அது நாயக்கர் காலத்துத் தஞ்சாவூர் இளவரசியைப் பற்றியது. கோணேசர் மலைக்குக் கீழே பிறந்தவர்களுக்குக் கரடி வளர்த்த பிள்ளையும் நாயக்கர் அந்தப்புரமும் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பார்ப்பேன். எனக்குக் கந்தளாய்க் குளத்தில் வீரநாராயணம் தெரிந்த மாதிரி, அவர்களுக்கும் இங்கே ஏதாவது தெரிந்திருக்கவேணும். மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் தோணி கதையை வாசித்தபோது நடந்தது இதற்கு நேர்மாறு. எங்கள் கடலும் எங்கள் ஆட்களும் அச்சில் வந்ததைக் கண்டு எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுச் சட்டையோடு இருக்கும்போது விருந்தாள் வந்துவிட்ட மாதிரி.

1990 ஆனியில் சண்டை மூண்டபோது வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டோம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கொஞ்ச உடுப்பு, ஒரு பால்மா டின். அவ்வளவுதான் கைக்கு வந்தது. திரும்பி வந்தபோது பூட்டு இருந்தது, கதவு இருக்கவில்லை. அலுமாரியும் இல்லை. அலுமாரிக்குள் இருந்த புத்தகங்களை மட்டும் நிலத்தில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மழை குடித்து ஊதிப்போன நாலு கட்டு கிடந்தது. அம்மா அவற்றைப் பாயில் பரப்பி, பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் காயவைத்தா. வத்தல் போட்ட மாதிரி முற்றம் முழுக்கக் குந்தவையும் வானதியும். ஐந்தாவது கட்டு கிடைக்கவே இல்லை.

நான் படிப்பிக்கத் தொடங்கிய பிறகு, கொழும்புக்குப் போன ஒரு தரம் ஐந்து பாகத்தையும் புதிதாக வாங்கி வந்து கொடுத்தேன். சந்தோசப்படுவா என்று பார்த்தால், கடைசிப் பாகத்தை மட்டும் எடுத்துத் திருப்பி என் கையில் தந்தா.

"இதை நீ கொண்டுபோ, பிள்ளை. எனக்கு நாலும் காணும்."

"ஏனம்மா?"

"நாலாவதில கரிகாலனும் இருக்கிறான். அவளும் இருக்கிறாள்."

பிறகு அம்மா இருந்த காலம் முழுக்க அந்த நாலையும்தான் திரும்பத் திரும்ப வாசித்தா. ஐந்தாவது என்னிடம்தான் இருக்கிறது. கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை.

வணக்கம்.