ஆள் குடிவந்த பிறகு எடுங்கள்

நண்பர்களே, வணக்கம்.

பார்சிலோனாவில் 1929-இல் நடந்த கண்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோஹெ ஒரு சின்ன மண்டபம் கட்டினார். மறு வருஷமே அதைப் பிரித்துவிட்டார்கள். அப்புறம் ஐம்பது வருஷத்துக்கு மேல் உலகம் அதைப் பார்த்தது கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில்தான். பச்சைப் பளிங்கு, தேன் நிற ஓனிக்ஸ் கல், சிவப்புத் திரைச்சீலை எல்லாமே அவற்றில் சாம்பல் நிறம். பழைய வரைபடங்கள், அந்தப் படங்கள், மண்ணுக்கடியில் மிஞ்சியிருந்த அஸ்திவாரம் இவற்றை வைத்து 1983-இல் ஆரம்பித்து 1986-இல் திரும்பக் கட்டி முடித்தார்கள். ஐரோப்பாவின் சமகாலக் கட்டடக்கலைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஐரோப்பிய ஒன்றியம் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவில் படித்துக்கொண்டே கட்டடங்களைப் பற்றி மூன்று நிமிஷப் படம் எடுக்கக் கிளம்பும் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கட்டடத்தை ஆள் குடிவந்த பிறகு எடுங்கள். மாணவர்கள் எடுத்த படங்கள் நிறையப் பார்த்துவிட்டேன். டிரோன் மேலே போகிறது, இசை ஏறுகிறது, படம் முடிந்துவிடுகிறது. அந்த வீட்டில் யார் சமைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிவதே இல்லை.

2019-இல் அந்த விருதைப் பெற்ற பிரான்சின் போர்தோ நகரத்து கிராண்ட் பார்க் குடியிருப்பைப் பாருங்கள். 1960-களில் எழுந்த மூன்று அடுக்குமாடிகள், 530 வாடகை வீடுகள். கட்டடக்கலைஞர்கள் ஆன் லகாதோனும் ழான் பிலிப் வசாலும் தோழர்களோடு சேர்ந்து எதையும் இடிக்காமல், பழைய சுவருக்கு வெளியே 3.8 மீட்டர் அகலத்தில் ஒரு கண்ணாடித் தாழ்வாரத்தை ஒட்டினார்கள். முன்பே வார்த்த காங்கிரீட் பலகைகள் கிரேனில் தொங்கி வந்து மாடி மாடியாக உட்கார்ந்தன. சின்ன ஜன்னல் இருந்த இடத்தில் தள்ளித் திறக்கும் கதவு வந்தது. வேலை நடந்த காலம் முழுக்கக் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. இந்த வேலையின் பெருமையே அதுதான் என்பேன். புகைப்படத்தில் பார்த்தால் வெறும் கண்ணாடி வரிசை. உள்ளே போய்க் கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பூந்தொட்டி, துணி காயும் கொடி, திரைச்சீலையை ஒரு பாட்டி இழுக்கும் சத்தம், மதிய வெயில் தரையில் நகர்ந்து பழைய வீட்டுக்குள் எட்டுவது, எல்லாம் தானாக வரும். பாட்டியிடம் முதலில் அனுமதி கேளுங்கள். காபி கொடுத்தால் குடியுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் கிளைபர்க் என்று 400 மீட்டர் நீளக் கட்டடம் ஒன்று இடிபடுவதிலிருந்து தப்பியது. உள்ளே 500 வீடு, ஒவ்வொன்றின் உள்வேலையையும் வாங்கியவரே முடித்துக்கொண்டார். அங்கே போனால் பக்கத்துப் பக்கத்து இரண்டு வீட்டுச் சமையலறை போதும்.

ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மண்டபம் 2024-இல் அந்த விருதை வாங்கியது. குஸ்டாவ் டூசிங், மாக்ஸ் ஹாக்கே என்ற இரண்டு இளைஞர்களின் வேலை. இரும்புத் தூண் பத்து சென்டிமீட்டர்தான் தடிமன். மூன்று மீட்டருக்கு ஒன்றாக நிற்கிறது. இணைப்புகள் திருகால் முடுக்கியவை, கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். அந்தத் திருகைக் கிட்டப்போய் எடுங்கள். பக்கத்தில் ஒரு மாணவி வெளிச்சம் தேடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள், அதையும் எடுங்கள். என்றாவது அந்த மண்டபத்தைக் கழற்றுவார்கள். சரி, அன்றைக்கு யாராவது உங்கள் படத்தைத் தேடி வருவார்கள். அதனால் எடுத்த தேதியையும் நேரத்தையும் படத்திலேயே எழுதி வையுங்கள்.