புளி உடைத்த முற்றம்

வணக்கம், நேயர்களே.

பற்று என்ற சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவனித்தீர்களா, "சொல்லைப் பற்றி" என்கிறபோதே அந்தச் சொல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றைக் கையால் பிடிப்பதும் பற்றித்தான், அதைக் குறித்துப் பேசுவதும் பற்றித்தான்.

பற்றின்மை என்றதும் பலருக்குக் காவி வேட்டியும் மலைக் குகையும் நினைவுக்கு வருகின்றன. எனக்கோ வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வரும். சோறு காய்ந்து ஒட்டிப்போனதைப் பத்துப் பாத்திரம் என்கிறோமே, அந்தப் பத்து, பற்றுதான். தலைவலிக்குச் சுக்கை உரைத்து நெற்றியில் போடுகிற பத்தும் அதுதான். விறகில் தீ பற்றுகிறது. மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கினால் நோட்டில் பற்று எழுதுகிறார்கள். வங்கியில் பற்று, வரவு. இலங்கையில் ரசீதுக்கே பற்றுச்சீட்டு என்று பெயர். ஒட்டுவது, பிடிப்பது, கடன்படுவது, எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கின்றன.

சரி, ஒட்டினதை எப்படி எடுப்பது? பத்துப் பாத்திரம் தேய்த்தவர்களைக் கேளுங்கள். காய்ந்ததும் சுரண்டினால் வராது. தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது எங்கள் அப்பத்தாவிடம். பங்குனியில் முற்றம் நிறையப் புளி குவிந்து கிடக்கும். அப்பத்தா ஒவ்வொரு பழமாகக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். கலகலவென்று சத்தம் வந்தால் இந்தப் பக்கம், வராவிட்டால் அந்தப் பக்கம். நான் அவசரக்காரி. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செங்காயை எடுத்துக் கல்லில் தட்டுவேன். ஓட்டோடு சதையும் பிய்ந்து வரும்.

"செங்காயப் போட்டு உடைக்காத தாயி. அது விடாது. பழத்த எடு, தானா விடும்" என்பார்.

பழுத்த புளியை லேசாக அழுத்தினால் போதும். ஓடு நொறுங்கி உதிரும், சதையில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் ஒன்று. சதையைச் சுற்றி ஓடுகிற நார் மட்டும் காம்போடு பிடித்திருக்கும். அதை நன்றாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

"புளியம்பழமும் ஓடும் போல" என்று இப்போது யாரைச் சொல்கிறோம்? உறவில் ஒட்டாமல் இருப்பவர்களை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒட்டவே ஒட்டாத ஓடு எந்தப் புளியில் இருக்கிறது? காயாக இருக்கும்போது இறுகப் பிடித்து, மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பாக நின்று, பழுத்த பிறகு விட்ட ஓடு அது.

எனக்குப் பதினொரு வயதிருக்கும். ஒரு நாள் அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவிக் கொத்தை அம்மா கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து அரிசி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்டதே கிடையாது. ஆனால் எந்நேரம் யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் "சாப்பிட்டியா" என்ற கேள்வி மட்டும் திண்ணையிலிருந்து வரும். நார் என்றேனே, இதுதான்.

குறள் 350 உங்களுக்குத் தெரிந்ததுதான். பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு. ஏழு சீரில் ஆறு பற்று, ஒரே ஒரு விடுதல், அதுவும் கடைசியில். விடுவதற்குக்கூட ஒன்றைப் பற்றச் சொல்கிறார் வள்ளுவர்! கையை வெறுமனே விரித்துக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை.

மணிமேகலையில் பௌத்தர்களின் பன்னிரண்டு நிதானங்கள் வருகின்றன, அதாவது துன்பத்துக்குக் காரணமாக ஒன்றிலிருந்து ஒன்று தொடரும் பன்னிரண்டு கண்ணிகள். எட்டாவது வேட்கை, ஒன்பதாவது பற்று. ஆசை முதலில், பிடி பிறகு. பாலி மொழியில் அந்தப் பற்றுக்கு உபாதானம் என்று பெயர். அந்தச் சொல்லுக்கு எரிபொருள் என்றும் பொருள் உண்டு. இங்கேயும் விறகில் தீ பற்றுகிறது என்றுதானே சொல்கிறோம்? இதை விரித்துச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று கை காட்டுகிறார்கள்.

வீடு என்ற சொல்லையும் கடைசிக்கு வைத்திருந்தேன். அறம், பொருள், இன்பம், வீடு என்கிறோம். பற்றெல்லாம் விட்ட நிலை வீடு. பத்துப் பாத்திரமும் சாவிக் கொத்தும் இருக்கிற இடமும் வீடு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறோம், நேயர்களே. வணக்கம்.