'ஃபிளாட்டன்' எப்படி 'ஃபிளாட்' ஆனது?

அவையோருக்கு வணக்கம். இங்கே பாதிப் பேர் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் சம்பளம் வாங்குபவர்கள். மீதிப் பேர் அவர்களோடு வந்து மாட்டிக்கொண்டவர்கள். அந்த மீதிப் பேருக்காகக் கொஞ்சம் விளக்கியே பேசுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட், இணையப் பக்கங்களை இயக்குகிற நிரல்மொழி. அதில் 'அரே' என்றொரு பட்டியல் உண்டு. டப்பாவுக்குள் டப்பாவாக, பட்டியலுக்குள் பட்டியலை அடுக்கலாம். உள்டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டித் தருகிற மெத்தட்டுக்கு, அதாவது பட்டியலுக்கு இடுகிற கட்டளைக்கு, இன்றைய பெயர் 'ஃபிளாட்'. மொழியின் 2019ஆம் ஆண்டுத் தரத்தில் அது சேர்ந்தது. முதலில் வைத்த பெயர் 'ஃபிளாட்டன்'. வால் எங்கே அறுந்தது?

2018இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் சோதனைப் பதிப்பான நைட்லியில் 'ஃபிளாட்டன்' வந்தது. வந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு தளம் படுத்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் மூடூல்ஸ். ஜேகுவெரி காலத்து லைப்ரரி, அதாவது தளம் கட்டுபவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்கிற ஆயத்த நிரல் தொகுப்பு. புதியவர்கள் பலர் பெயர்கூடக் கேட்டிருக்க மாட்டீர்கள். அது ஜாவாஸ்கிரிப்டின் சொந்த அரே மீதே தன் 'ஃபிளாட்டன்' மெத்தட்டை ஏற்றிவைத்திருந்தது.

'அது தன்னுடையதை மேலே எழுதிக்கொள்ளுமே, பிறகு என்ன சிக்கல்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் மூடூல்ஸ் இன்னொரு வேலையும் செய்தது. அரேயில் உள்ள மெத்தட்களை வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, தன்னுடைய 'எலிமென்ட்ஸ்' என்ற வகைக்கும் நகலெடுத்தது. மொழியோடு பிறந்த மெத்தட்கள் அப்படிக் கூப்பிட்டால் கை தூக்காது. 'ஃபிளாட்டன்' பிரவுசரிலேயே வந்துவிட்டதால், அந்த நாற்காலி ஏற்கெனவே கை தூக்காத நாற்காலி. மூடூல்ஸ் தன் ஆளை அதில் உட்காரவைத்தாலும் நாற்காலியின் குணம் மாறவில்லை. நகல் போகவில்லை. 'எலிமென்ட்ஸ்' மீது அந்த மெத்தட்டைக் கூப்பிட்ட இடத்தில் தளம் விழுந்தது.

அப்புறம் சண்டை. 'செத்துப்போன லைப்ரரிக்காக மொழியின் பெயரைக் கெடுப்பதா? உடையட்டும், அவர்கள் அப்டேட் செய்யட்டும்' என்றது ஒரு கட்சி. 'வலையை உடைக்காதே' என்றது மறு கட்சி. நடுவில், திட்டத்தை முன்வைத்தவரே விளையாட்டாக 'ஸ்மூஷ்' என்று பெயர் மாற்றலாம் என்றார். பிசைந்து நசுக்குவது என்று பொருள். பாதிப் பேர் அதை நிஜமென்று நம்பிக் கொதித்தார்கள். மே மாதம், மொழியின் தரத்தை முடிவுசெய்கிற டிசி39 குழு கூடி 'ஃபிளாட்' என்று முடித்தது. இது முதல் தடவையும் அல்ல. 'இன்க்ளூட்ஸ்' மெத்தட் 'கன்டெய்ன்ஸ்' என்றுதான் வர இருந்தது. அதைத் தடுத்ததும் இதே மூடூல்ஸ்தான்!

நான் அன்று முதல் கட்சி. பெயர் அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற வயது. ஆனால் 'அவர்கள் அப்டேட் செய்யட்டும்' என்கிறோமே, யார் அந்த அவர்கள்? தளத்தைக் கட்டியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், கடவுச்சொல் யாரிடம் என்றே தெரியாது. பக்கம் உடைந்தால் வாசகர் தளத்தைத் திட்டுவதும் இல்லை, 'நேற்று அப்டேட் போட்டேன், அதிலிருந்து கெட்டுப்போச்சு' என்று பிரவுசரைத்தான் திட்டுவார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். புதுப் பதிப்பு எப்போதும் மருமகள்தான்.

என்னைக் கட்சி மாறவைத்தது மூடூல்ஸ் அல்ல, தமிழ். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்கிற குறியாக்கத்தைத் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொன்றாக வைத்திருந்தன. வாசகரிடம் அந்த எழுத்துரு இருக்காதே என்று பக்கத்தோடு அதையும் இறக்கித் தந்தார்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் ஒரு கோப்பு வகை வைத்திருந்தது, அதன் அன்றைய போட்டியான நெட்ஸ்கேப் வேறொன்று. பலர் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிரவுசரை நம்பி அதோடு நின்றார்கள். இன்றைய குரோமும் ஃபயர்பாக்ஸும் அந்தக் கோப்பைத் தொடுவதில்லை. இந்தப் பக்கங்களுக்காக எந்தக் குழுவும் கூடவில்லை.

போன வருடம் அப்படியொரு பழைய பக்கத்தைத் திறந்தேன். ஒரு சிறுகதை. கொம்பும் புள்ளியும் முளைத்த லத்தீன் எழுத்துகளாக, மேலிருந்து கீழ்வரை ஒரு சொல் பிடிபடவில்லை. படிக்க முடிந்தது அடியில் ஆங்கிலத்தில் இருந்த ஒரே வரிதான்: 'இன்டர்நெட் எக்ஸ்புளோரரில், 800க்கு 600 திரையில் பார்த்தால் சிறப்பாகத் தெரியும்.'